நெட்டையன் தர வேண்டியது

இருபத்தேழாயிரத்து நானூறு. நெட்டையன் கொத்தனாருக்குத் தர வேண்டிய பணம் அவ்வளவு. இதைத் தெரிந்துகொள்ள யாரும் பெரிய ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. கொத்தனாரோடு ஒரு நாள் வேலை செய்தால் போதும். டீ குடிக்க உட்காரும்போது பேச்சு மழையில் ஆரம்பித்தாலும் சரி, மாப்பிள்ளை பார்ப்பதில் ஆரம்பித்தாலும் சரி, சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நிற்கும். வேலையிடத்தில் அவருக்கு 'இருபத்தேழு' என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது. "இருபத்தேழு வந்தாச்சா? கலவை போடலாமா?" என்று மேஸ்திரி கேட்பது அவர் காதிலும் விழும். கோபம் வராது. நானூறை விட்டுவிட்டார்களே என்றுதான் வருத்தம்.

ஒரு காலத்தில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. தனியாகச் சொல்கிற பெயர் அல்ல, சேர்த்துச் சொல்கிற பெயர். 'நெட்டையும் குட்டையும்' என்பார்கள். சுவர்ப் பூச்சுக்கு ஆள் தேடுகிறவர்கள் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கேட்பார்கள், செருப்பு வாங்குகிற மாதிரி. நெட்டையன் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றால் கை சீலிங்கைத் தொடும். சுவரில் மேல்பாதி அவனுக்கு, கீழ்ப்பாதி கொத்தனாருக்கு. சாரம் கட்டுகிற செலவு மிச்சம்.

இரண்டு பாதியும் சந்திக்கிற இடம் கொத்தனாரின் தலைக்கு ஒரு சாண் மேலே வரும். வில்லங்கம் அந்த இடத்தில்தான். ஒருவர் பூசியது காய்ந்த பிறகு மற்றவர் பூசினால் அங்கே ஒரு கோடு விழும். அதன் மேல் எத்தனை பெயின்ட் அடித்தாலும் வெயில் சாயும்போது காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இரண்டு பேரும் ஒரே வேகத்தில் வர வேண்டும். ஒருவன் சிகரெட் பற்றவைக்க நின்றால் மற்றவனும் கையை நிறுத்த வேண்டும். ஒன்றுக்குப் போவதென்றால்கூடச் சொல்லிவிட்டுத்தான் போக முடியும். "கட்டின பொண்டாட்டிகிட்டகூட நான் இவ்வளவு அனுமதி கேட்டதில்லடா" என்பான் நெட்டையன். இருவரும் வேலை செய்த வருஷங்களில் அந்தக் கோட்டை ஒரு வீட்டுக்காரரும் கண்டுபிடித்ததில்லை.

அவன் கம்பி நீட்டிய பிறகு கொத்தனார் ஒரு இரும்பு டிரம் வாங்கினார். மேல்பாதிக்கு டிரம், கீழ்ப்பாதிக்குத் தரை. ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

நடந்தது இதுதான். ஒரு மூன்று மாடி வீட்டின் பூச்சு முடிந்தது. இருவருடைய கூலியையும் வீட்டுக்காரர் நெட்டையன் கையில் கொடுத்தார். கொத்தனாருக்கு அதில் சேர வேண்டியது இருபத்தேழாயிரத்து நானூறு. அதை நம்பி அவரும் மனைவியும் இரண்டு அறை வீடு ஒன்றுக்கு முன்பணம் கொடுத்திருந்தார்கள். முதல் தவணையை அந்த வாரம் கட்டியாக வேண்டும். மனைவிக்குத் தையல் தொழில். ஜன்னலோரமாக மிஷினை எங்கே போடுவது என்று சாக்கட்டியால் தரையில் கோடுகூடப் போட்டுவிட்டு வந்திருந்தாள். நெட்டையன் பணத்தை ஏப்பம் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டான். வீடும் போயிற்று, முன்பணமும் போயிற்று. இன்றைக்கும் ஒற்றை வாடகை அறைதான். மிஷின் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் நிற்கிறது. கொத்தனாருக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டுமென்றாலும் அவள் எழுந்து வழிவிட வேண்டும்.

ஆனால் அவள் இதை எப்போதோ விட்டுவிட்டாள். அதுதான் அவருக்குப் புரியவில்லை.

இருவரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவர்கள். ஒரு டயர் கடையின் மாடியில் சபை கூடும். பாட்டு, பிரசங்கம் எல்லாம் முடிந்து, ஆண்டவர் சொல்லிக்கொடுத்த ஜெபத்தை எல்லோரும் எழுந்து நின்று ஒரே குரலில் சொல்வார்கள். கொத்தனாருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் நடுவில், எங்களுக்குக் கடன்பட்டவர்களை நாங்கள் மன்னிக்கிறோம் என்று ஒரு வரி வரும். அங்கே வந்ததும் அவருக்கு இருமல் வந்துவிடும். அந்த வரி தாண்டியதும் இருமலும் நின்றுவிடும். பொய் சொல்லக் கூடாதே என்ற பயம்தான். மனிதர்களிடம் சொன்னாலும் பரவாயில்லை, கர்த்தரிடம் எப்படிச் சொல்வது?

"உங்க இருமலுக்கு மருந்துக் கடையில மருந்து கிடைக்காது" என்றாள் மனைவி ஒரு நாள், மிஷினில் ஊசி கோத்துக்கொண்டே.

"நீ எப்படி விட்டே?"

"ஆண்டவர் காலடியில வச்சிட்டு வந்துட்டேன்."

"நானும்தான் வைக்கிறேன். வாரா வாரம் வைக்கிறேன்."

"வைக்கிறீங்க. கூட்டம் முடிஞ்சு கிளம்பும்போது மறக்காம எடுத்துட்டு வந்துடுறீங்க. குடையை மறந்தாலும் அதை மறக்க மாட்டீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் தப்பில்லை. அதைவிட அவரை அரித்தது வேறொன்று. நெட்டையனோடு கழிந்த வருஷங்கள்தான் அவருடைய நல்ல வருஷங்கள். கையில் பலம் இருந்தது, வாயில் பாட்டு இருந்தது, நாளைக்கு என்ன என்ற கவலை இல்லை. அந்த நாட்களை நினைத்துப் பார்க்க ஆசையாக இருக்கும். நினைக்க உட்கார்ந்தால் இந்தத் தொகை முன்னால் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். அதைத் தாண்டி உள்ளே போக முடியாது. நெட்டையன் எப்படிச் சிரிப்பான் என்று ஒருமுறை நாள் முழுக்க யோசித்தார். வரவேயில்லை. பணத்தோடு சேர்த்து அதையும் கொண்டுபோய்விட்டான் போலிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்து படி இறங்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "சித்தப்பா."

திரும்பிப் பார்த்தார். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். முகத்தைப் பார்க்கும் முன்னே உயரத்தைப் பார்த்துவிட்டார். நெட்டையன் மகள்.

கடைசியாக அவளைப் பார்த்தபோது அவள் பல் விழுந்த சின்னப் பெண். நெட்டையன் ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால், பணத்தைக் கேட்பதற்காக அவரும் மனைவியும் கொட்டுகிற மழையில் அவன் வீட்டுக்குப் போனார்கள். கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்தது. அந்த இடுக்கில் இந்தப் பெண் நின்றாள். வழக்கமாக அவர் சட்டைப் பையில் கைவிட்டு மிட்டாய் எடுக்கிறவள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி, "அப்பா வீட்ல இல்ல" என்றாள். அவளுக்குப் பின்னால், வாசற்படியை ஒட்டி, ஊரிலேயே பெரிய செருப்பு ஒரு ஜோடி ஈரத்தோடு கிடந்தது. மனைவி அவர் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்தாள். பணத்தைப் பற்றி உலகத்துக்கே சொன்ன கொத்தனார், இதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

"இங்கதான் வீடு மாத்தி வந்திருக்கோம்" என்றாள் மகள். "அப்பாவும் எங்ககூடத்தான். ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு சித்தப்பா. அம்மா இல்ல, போன வருஷம் போய்ட்டாங்க. உங்களைப் பத்தித்தான் பேசிட்டே இருக்கார். ஒருதடவை வாங்க."

 மனைவிதான் குழந்தையை வாங்கிக் கொஞ்சினாள், விலாசம் கேட்டுக்கொண்டாள், தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "போய்ட்டு வாங்க."

"நீயும் வா."

"நான் வந்தா என் பின்னாடி ஒளிஞ்சுக்குவீங்க. நீங்களே போங்க."

அந்த வாரம் முழுக்க அவர் ஜெபம் செய்தார். டிரம் மேல் நின்று பூசும்போதும் உதடு அசைந்துகொண்டிருந்தது. 'இருபத்தேழு தனியாப் பேச ஆரம்பிச்சிடுச்சு' என்று கீழே சிரித்தார்கள். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். ஆண்டவரே, மன்னிக்கிற மனசைத் தாரும், இந்த வாரமாவது அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு வராமல் இருக்கிற மனசைத் தாரும். சனிக்கிழமை வாக்கில் நெஞ்சு கொஞ்சம் இளகினாற்போல இருந்தது. சரி, கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் போகும்போதே பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். 'நீ எனக்கு இருபத்தேழாயிரத்து நானூறு தரணும்' என்று இவர் ஆரம்பிப்பார். 'ஆமாடா, தப்புப் பண்ணிட்டேன்' என்று அவன் கையைப் பிடிப்பான், அழுவான். இவர் கொஞ்ச நேரம் அழவிடுவார். பிறகு, 'ஆண்டவர் நிமித்தம் உன்னை மன்னிச்சுட்டேன்' என்பார். சொல்லிப் பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது. டிக்கெட் கொடுக்க வந்தவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

கதவைத் தட்டினார். மகள்தான் திறந்தாள், முழுசாக, சுவரில் இடிக்கிற அளவுக்கு. அவரைப் பார்த்ததும் அவள் முகம் ஏதோ மாதிரி ஆனது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

"அப்பா வீட்லதான் இருக்கார், சித்தப்பா."

 பிறகு அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

உள்ளறையில் நெட்டையன் படுத்திருந்தான். கட்டில் அவனுக்குப் போதவில்லை. கால்மாட்டில் ஒரு முக்காலியைப் போட்டுப் பாதத்தை அதன்மேல் வைத்திருந்தார்கள். வலது கை வயிற்றின் மேல் யாரோ வைத்துவிட்டு மறந்த பொருள் மாதிரி கிடந்தது. பூச்சுக் கரண்டி பிடித்த கை.

"வாடா குட்டை" என்றான். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் பேச்சு விளங்கியது. "இன்னும் வளரலையா நீ?"

கொத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.  ஒருவழியாக ஆரம்பித்தார்.

"பணத்தைப் பத்திப் பேசத்தான் வந்தேன்."

"தெரியும்."

"இருபத்தேழாயிரத்து நானூறு."

நெட்டையன் சீலிங்கைப் பார்த்தான். "இருபத்திரண்டு" என்றான்.

"என்னது?"

"இருபத்திரண்டாயிரம். கலவை ஆளுங்களுக்குக் கூலி அஞ்சாயிரத்து நானூறு நான் குடுத்தேன்ல. உன் பங்குலதான் கழிக்கணும்."

கொத்தனாருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. மன்னிக்க வந்த மனுஷனிடம் பேரம் பேசுகிறானே. "அந்தக் கூலியை வீட்டுக்காரர் தனியாத் தந்தாரு."

"தரல."

"தந்தாரு."

"நீ பாத்தியா?"

"நீ பாத்தியா?"

"நான்தான்டா வாங்கினேன்."

"அதான் தெரியுமே, நல்லா வாங்கினே."

வாசலில் டீயோடு வந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள். நெட்டையன் இடது கையை ஊன்றிக் கொஞ்சம் எழும்பினான். "சரி, முதல்லேர்ந்து போடுவோம். அந்த வருஷம் எந்தெந்த வேலை செஞ்சோம்? சொல்லு."

"பள்ளிக்கூட மதில்."

"அது கணக்கு முடிஞ்சுது. அடுத்தது தையல் கடை."

"தையல் கடை இல்ல, பல் டாக்டர் வீடு. கிளி இருந்த வீடு."

நெட்டையனுக்குக் கண் சுருங்கியது. "கிளி" என்றான்.

பல் டாக்டர் வீட்டு மாடியில் ஒரு கூண்டில் கிளி இருந்தது. நெட்டையன் வாளிமேல் நின்றபடி காலையிலிருந்து சாயங்காலம் வரை, "கலவை கொண்டா" என்று கீழே குரல் கொடுத்துக்கொண்டிருப்பான். சில நாட்களில் கிளி அதைப் பிடித்துக்கொண்டது. அச்சு அசல் நெட்டையன் குரல். கலவை சுமக்கிற அம்மா சட்டி சட்டியாகக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தாள். "யாரு கேட்டது?" என்று இவன் கத்த, "நீதான் கேட்டே" என்று அவள் கத்த, வேலை பாதியில் நின்றது. கடைசியில் அவள் கண் எதிரிலேயே கிளி கேட்டுவிட்டது. அவள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து, கூண்டைப் பார்த்துச் சொன்னாள்.

"'நீ பூசுறதா இருந்தா சொல்லு, கொண்டாறேன்.'" இதைக் கொத்தனாரும் நெட்டையனும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

நெட்டையன் சிரித்தான். முதலில் மூக்கில் ஒரு சீறல், பிறகு மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு தடை, பிறகு அறை முழுக்கச் சிரிப்பு. அதேதான். முகத்தில் ஒரு பாதிதான் சிரித்தது, ஆனாலும் அதேதான். கொத்தனாருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை நாள் தேடியிருக்கிறார் இதை. அதன் பின்னாலேயே ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்தன. ஒரே குடையில் இரண்டு பேரும் போனால் நெட்டையன் பிடிக்கிற உயரத்துக்குக் கொத்தனார் தொப்பலாக நனைவது. பூச்சு முடிந்த ஈரச் சுவரில் சாயங்கால வெயில் படும்போது இருவரும் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து கோடு தெரிகிறதா என்று பார்ப்பது. கோடு தெரியாது. பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சிமென்ட் வாசனை.

"அப்புறம் அந்த மூணு மாடி வீடு" என்றான் நெட்டையன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதுல கூலி அஞ்சாயிரத்து நானூறு."

பாலில் உப்பு விழுந்த மாதிரி ஆனது. கொத்தனார் எழுந்தார். "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று மகளைத் தாண்டிப் பின்பக்கம் போனார்.

பின்பக்கம் ஒரு ஆள் நிற்கிற இடம். ஒரு குழாய், கொடியில் குழந்தைத் துணி. அப்படியே பஸ் ஏறிப் போய்விடலாமா என்று தோன்றியது. குழாயைத் திறக்காமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆண்டவரே" என்றார் வாய்க்குள். "நான் கொண்டுவந்தது இருபத்தேழாயிரத்து நானூறு. அவன் இருபத்திரண்டுதான்கிறான். இதுல எதை மன்னிக்கட்டும்? அவன் ஒத்துக்கிட்டா மன்னிச்சுடுறேன்னுதானே வந்தேன். ஒத்துக்க மாட்டேங்கிறானே."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. பாக்கி வசூலிக்க வந்தவன் பேசுகிற பேச்சு.

அவர் முதன்முதலாக அந்த டயர் கடை மாடியில் முழங்கால் போட்ட நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவர் தன் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத்தான் முயன்றார். பாதி சொன்னார். சொன்னதிலும் பாதியைக் குறைத்துச் சொன்னார். சிலதுக்கு அடுத்தவன்மேல் பழி போட்டார். ஐந்தாயிரத்து நானூறு என்ன, அதைவிடப் பெரிதாகவே கழித்துக்கொண்டார். ஆண்டவர் தொகையைத் திருத்தவில்லை. முதலில் இதை ஒத்துக்கொள், பிறகு பார்க்கலாம் என்று சொல்லவில்லை. சொன்னது சொல்லாதது எல்லாவற்றையும் சிலுவையில் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார். எழுந்தபோது உடம்பு பஞ்சாக இருந்தது. அந்த லேசான உடம்போடுதான் அன்றைக்கு வீடுவரை நடந்தே போனார்.

குழாயடியில் நின்று, வாரா வாரம் இருமி விழுங்கிய அந்த வரியைச் சொன்னார். குரல் பிசிறியது. ஆனால் முழுசாகச் சொன்னார். நெஞ்சில் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. கோபம்கூடக் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால் கையில் பிடித்திருந்தது எதுவோ, அது இப்போது கையில் இல்லை.

உள்ளே வந்தார். நெட்டையன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். போய்விட்டார் என்று நினைத்திருப்பான் போல.

"தள்ளுபடி பண்ணிட்டேன்டா" என்றார் கொத்தனார்.

"எதை? உன் கணக்கையா, என் கணக்கையா?"

"ரெண்டையும்."

நெட்டையன் முகத்தில் ஈயாடவில்லை.  மகள் டீயை முக்காலியின் ஓரத்தில் வைத்துவிட்டு, போகாமல் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"விஷயம் பணம் இல்லடா" என்றான் கடைசியில். சீலிங்கைப் பார்த்துத்தான் சொன்னான். "நாலு பேருக்கு வாரி இறைச்சதுலயே அந்தக் காசு போச்சு, எனக்கு ஒட்டவே இல்ல. ஆனா அதுக்காக எனக்குத் தூக்கம் போகல. அன்னைக்கு மழையில நீயும் தங்கச்சியும் வந்தீங்கல்ல. நான் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். உன் பல்லு தந்தியடிக்கிற சத்தம் கேட்டுச்சு. இவளைப் பேசச் சொன்னது நான்தான். முதல்ல மாட்டேன்னா. கையைக் கிள்ளிவிட்டேன்."

மகள் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

 இதற்குக் கொத்தனார் தொகை போட்டதில்லை. போடத் தெரிந்திருந்தால் இருபத்தேழாயிரத்தை எப்போதோ மறந்திருப்பார். அந்தக் கதவிடுக்கு, அந்தத் தரையைப் பார்த்த முகம், தன் கையைப் பிடித்துத் திருப்பிய மனைவியின் ஈரக்கை. இதைத்தான் யாருக்கும் தெரியாமல் மூடிவைக்க, இத்தனை வருஷமும் பணத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். இப்போது அவன் மூடியை எடுத்துவிட்டான். அது வலித்தது, அன்றைக்கு வலித்ததைப் போலவே. வலிக்கட்டும் என்று விட்டார். இதற்கும் ஆண்டவரிடம் மனசு கேட்டார், வார்த்தை இல்லாமல். கொஞ்ச நேரம் ஆனது.

பிறகு கட்டிலில் கிடந்த அந்த வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கனத்தது.

"அதையும் சேர்த்துத்தான்டா சொன்னேன்" என்றார்.

நெட்டையன் திரும்பிப் பார்த்தான். "அப்ப ஒண்ணும் பாக்கி இல்லையா?"

"ஒண்ணும் இல்ல" என்றார் கொத்தனார். "டீ ஆறுது, குடி."